மீளா நிபந்தனை

கவிதை எழுதுவதானால் எழுதிக்கொள்,
மனம் என்ற சொல் மட்டும் வேண்டாம் என்றாள் தூவா நியெமி.
மனதுக்கு இதுவரை யாரும்
இழுவிசைச் சோதனை செய்ததில்லையாம்.

ஆகவே தண்டவாளம்.
கிருனாவில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு
மேற்கே மலை தாண்டும் பாதையில்
பூஜ்யத்துக்குக் கீழே முப்பதைத் தொட்ட ஒரு பிப்ரவரியில்
உடைந்துபோன ஒன்றரை அடி.
லூலியோவில் அவளுடைய நான்கு வருடம்.

திரையில் அந்த எஃகு
எட்டு லட்சம் முக்கோணங்கள்.
ஒவ்வொரு முனையிலும் ஓர் எண்:
பூஜ்யம் என்றால் முழுசு,
ஒன்று என்றால் போயிற்று.
நடுவில் இருப்பவை
இன்னும் முடிவெடுக்காதவை.

விரிசல் விழுந்தது என்போம் தமிழில்.
எங்கிருந்து விழுகிறது என்று கேட்டாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அவள் கணக்கில் அது விழுவதில்லை,
செலவு குறைந்த வழி பார்த்து
நடக்கிறது.

கீழ்த்தளத்தில் சிக்ஸ்டன்
நிஜ எஃகை உடைப்பவர்.
ஐந்தாம் மாதிரியைக்
காப்பிப் பொட்டலக் காகிதத்தில் சுற்றி மேலே கொண்டுவந்தார்.
உன் கணினி இடப்பக்கம் என்றது,
இது வலப்பக்கம் போயிருக்கிறது என்றார்
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
நுண்ணோக்கியில், திருப்பம் தொடங்கும் இடத்தில்,
கடுகை நூறாகப் பிளந்தால் ஒன்று,
சாம்பல் நிறத்தில் கந்தகத் துணுக்கு.
எட்டு லட்சத்தில் எதிலும்
அது இல்லை.

அதைச் சேர்க்க உட்கார்ந்த இரவில்தான்
ஒரு வரியைத் தவறி அழித்திருக்கிறாள்.
எண் ஏறலாம், இறங்கக் கூடாது
என்கிற வரி.
பதினோரு மணி நேரம் ஓடி முடிந்ததைக்
காலையில் திறந்தால்
பாரம் இறங்க இறங்க
தண்டவாளம் மூடிக்கொள்கிறது.
நுனியிலிருந்து பின்வாங்கி,
கந்தகத்தைத் தாண்டி,
முதல் கீறல்வரை வந்து
பிறகு அதுவும் இல்லாமல்.

மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம்.
நான்காவதுக்குச் சிக்ஸ்டனைக் கூப்பிட்டோம்.
காதடைப்பான் கழுத்தில் தொங்க
நின்றபடியே பார்த்தார்.
இது எந்த ஆலையின் எஃகு என்று கேட்டார்.

வரியைத் திரும்ப எழுதிவிட்டாள்.
ஆய்வேட்டில் நூற்றுப் பதினான்காம் பக்கம்,
சமன்பாடு ஐந்து புள்ளி மூன்று.
விரிசல் இப்போது வலப்பக்கம் திரும்புகிறது,
ஏறக்குறைய.

அந்தக் கோப்பை மட்டும் அழிக்கவில்லை.
வேறு பெயரில் வைத்திருக்கிறாள்.
என்ன பெயர் என்று நான் கேட்டபோது
ஜன்னலுக்கு வெளியே, உறைந்த கடல்மேல் போட்ட சாலையில்
தபால் வேன் ஒன்று போய்க்கொண்டிருந்தது.
அடியில் பனிக்கட்டி முனகியிருக்கும்.
இரட்டைக் கண்ணாடி, இங்கே கேட்காது.