ரசமட்டம்

விடிவதற்குள் எழுந்துபோய்
வண்டிவீட்டின் நான்கு மூலையிலும்
ஜாக்கியைத் திருகுகிறான் டெல்பர்ட்.
உள்ளே சமையல் மேடையில் ரசமட்டம் வைத்து
நான் குரல் கொடுக்க வேண்டும்.
"இன்னும் கொஞ்சம்."
"எந்தப் பக்கம்?"
"உன் பக்கம்."
"என் பக்கம் என்றால் எது?"
முப்பத்தொரு வருடமாக இதே கேள்வி.
குமிழி நடுக்கோட்டைத் தொட்டு
தொட்ட வேகத்தில் நழுவுகிறது.
முட்டை ஒன்று தானாகக் கிளம்பி
மேடை முழுக்க உருண்டு
கதவருகே விழுந்து உடைந்தது.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நெப்ராஸ்காவை விட்டுப் பதினொரு நாள்.
இது கால்வெஸ்டன்,
மணல் திட்டின்மேல் ஒரு துறைமுக நகரம்.
பழைய தெருக்களில் எங்கள் வண்டி நுழையாது.
பால்கனிகள் தாழ்வு, ஓக் கிளைகள் அதைவிடத் தாழ்வு.
கடற்சுவரோரம் பேருந்து பிடித்தோம்,
ஆளுக்கொரு சன்னல் இருக்கையில்,
நடுவில் நடைபாதை.

மிட்டாய்க் கடைச் சுவரில் ஒரு பித்தளைக் கோடு:
வெள்ளம் இதுவரை வந்தது.
டெல்பர்ட் போய் அதனடியில் நின்றான்.
தொப்பிக்கு மேலே ஒரு சாண்.
கடைக்காரர் நிமிராமல்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
தினமும் பத்துப்பேர் அங்கே நிற்பார்கள் போல.

பிற்பகல், பெயர்ப்பலகை இல்லாத ஒரு சந்து.
வேலி முழுக்க அரளி,
இளஞ்சிவப்பு, வெள்ளை.
குழாய் பிடித்து நின்ற பெண்ணிடம் டெல்பர்ட் கேட்டான்,
உங்கள் வீட்டு சன்னல் ஏன்
பாதி மண்ணுக்குள் இருக்கிறது?

ஒடாலிஸ் தண்ணீரை நிறுத்தவில்லை.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் புயல்.
எத்தனை ஆயிரம் பேர் என்று
இன்றுவரை கணக்கு முடியவில்லை.
மிச்சமிருந்தவர்கள் ஊரையே தூக்கினார்கள்."
"எதை வைத்து?"
"ஜாக்கி."

அன்றைக்கு முதல்முறையாக
அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

வீடுகளை, கடைகளை, மாதா கோயிலை.
ஒரே சைகைக்கு எல்லாரும் கால் திருகு.
அடியில் கடற்சேற்றைக் குழாயில் கொண்டுவந்து கொட்டி,
வருடக்கணக்கில் பலகைப் பாலங்களில் நடந்து
பள்ளிக்கும் கசாப்புக் கடைக்கும் போனார்களாம்.
ரோஜாத் தோட்டங்கள் கீழேயே நின்றுவிட்டன.
வீட்டைத் தூக்கும் கூலி வீட்டுக்காரன் தலையில்.
பணமில்லாதவன் கீழ்த்தளத்தை மணலுக்கு விட்டுவிட்டு
மாடியில் குடியேறினான்.
"என் வரவேற்பறைக்கு அடியில்
இன்னொரு வரவேற்பறை இருக்கிறது.
செடி நடக் குழி தோண்டினால்
நிலைப்படியில் மண்வெட்டி இடிக்கும்."

"அளவு பார்த்துத்தான் தூக்கினார்களா, சமமாக?"
எனக்குத் தெரியும், அவன் கேட்காமல் விடமாட்டான்.

ஒடாலிஸ் உள்ளே போய்
எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்துவந்து
வராந்தா நடுவில் வைத்தாள்.
அது சற்று யோசித்தது.
பிறகு புறப்பட்டு, படி படியாக இறங்கி
அரளி வேரில் போய் நின்றது.
"கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன்,
எப்போதும் அந்தப் பக்கம்தான்.
கட்டிலைத் திருப்பிப் போட்டுக்கொண்டோம்."
பழத்தைத் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் படகுத்துறையில் பொரித்த இறால்.
ஒன்றை நாரை பறித்துப்போனது.
நாரை இல்லை கடற்காகம் என்றான் டெல்பர்ட்.
இருக்கட்டும் என்றேன்.

இருட்டியதும் பழக்கத்தில்
ஜாக்கிக் கைப்பிடியோடு இறங்கியவன்
முன்சக்கரத்தருகே வெகுநேரம் நின்றான்.
கடல் சத்தம், பக்கத்து வண்டியில் யாரோ
தொலைபேசியில் ஸ்பானிய மொழியில் சண்டை.
வெறுங்கையோடு ஏறிவந்தான்.

நான் தலையணைகளை
கால்மாட்டுக்கு மாற்றியிருந்தேன்.
எலுமிச்சையை மேடையில் வைத்தேன்.
புறப்பட்டுவிட்டது.
எடுக்கப் போனபோது
காலை உடைந்த முட்டையின் ஓட்டுத் துண்டு
உள்ளங்காலில் குத்தியது.
"எந்தப் பக்கம்?" என்றான் விளக்கணைத்தபடி.
"நீ உருண்டு வருகிற பக்கம்" என்றேன்.