பழுப்பு, எண் நாற்பத்தேழு

முலூஸ் ஓவியப் பள்ளியில் அம்மா தரை துடைத்தாள்,
மாலை ஆறு முதல் எட்டரை வரை.
அப்பா பட்டாளத்திலிருந்து வந்து
கார்த் தொழிற்சாலையில் இரவுக் காவல்.
நான் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
அல்ஜீப்ரா போட்டேன், பெரும்பாலும் தப்பாக.

அந்த வியாழன் மாடல் பெண்ணுக்குக் காய்ச்சல்.
"உங்கள் மகள் உட்காருவாளா, மதாம் சவரியம்மாள்?
மணிக்கு இருபது ஃபிராங்க். உடுப்போடுதான்."
அம்மா என் காதோரம் குனிந்து
"மூக்கைச் சொறியாதே" என்றாள்.
அவ்வளவுதான் சம்மதம்.

முக்காலி. எதிரே பதினான்கு பலகைகள்.
முதுகுக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய்கள், ஜன்னலில் பனி.
பதினேழு வயதுவரை என்னை யாரும்
அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இடைவேளையில் சுற்றி வந்தேன்.
மூக்கு சரி. தாடை சரி. பின்னல்கூட சரி.
ஒருவன் நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்திருந்தான்;
ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது.
இன்னொருத்தி, குழாய்கள் இருந்த இடத்தில்
தென்னைமரம் நட்டிருந்தாள்.
காரைக்காலை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.
பதினான்கு முகங்களும் ஒரே டியூபிலிருந்து வந்தவை:
பழுப்பு, எண் நாற்பத்தேழு.
நனைந்த அட்டைப்பெட்டியில்
என் கண்களை ஒட்டிவைத்ததுபோல.

கோபம் என்று சொல்ல மாட்டேன்.
பசி மாதிரி ஒன்று.

எல்லோரும் போனபின் குப்பைத்தொட்டியைக் கிளறினேன்.
பிதுக்கி எறிந்த டியூபைப் பிளேடால் கீறினால்
உள்ளே இன்னும் இருக்கும்;
வீட்டில் பற்பசைக்கு அம்மா செய்வதுதான்.
காவி. ஒரு கருநீலம். வெள்ளை. நான் நம்பாத ஒரு பச்சை.
பாவாடையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு
கலந்து கலந்து தோலிலேயே பொட்டு வைத்துப் பார்த்தேன்.
ஏழு பொட்டும் துருத்திக்கொண்டு நின்றன.
எட்டாவது காணாமல் போனது.
விரலால் தடவி, ஈரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதே கலவையை இரண்டு விரல்கடை தள்ளி வைத்தேன்.
தெரிந்தது.
இன்னும் தள்ளி. அங்கேயும் தெரிந்தது.
முழங்கால் மடிப்பில் கத்தரிக்காய்.
ஜன்னல் பக்கம் பனியின் நீலம் ஏறியிருந்தது.
டியூப்லைட் விழுந்த இடத்தில், நம்ப மாட்டீர்கள்,
அந்தப் பச்சை.

"மாநிறம்" என்று அம்மா காரைக்காலுக்கு எழுதுவாள்,
எனக்கு வரன் தேடும் கடிதங்களில்.
ஒரே சொல். நானும் அதை நம்பியிருந்தேன்.

துடைப்பத்தோடு வந்து நின்றாள்.
"என்னடி அது, அடிபட்ட மாதிரி?"
சொன்னேன். எட்டாவது பொட்டைத் தேடச் சொன்னேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்து பார்த்தாள்.
கிடைக்கவில்லை.
பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு,
பிளீச்சிங் தண்ணீரில் வெடித்த மணிக்கட்டுக்கு மேலே
ஓர் இடத்தைக் காட்டினாள்.
"இங்கே வை."

வைத்தேன். பளிச்சென்று தெரிந்தது.
"தப்பு" என்றாள்,
சந்தையில் தக்காளியைத் திருப்பிப் போடுகிற குரலில்.

கடைசி பஸ்ஸில்
என் முழங்காலோடு கம்பளிப் பாவாடை ஒட்டிக்கொண்டது.
அம்மா கோட்டுக் கையில் கை நுழைக்காமல்
தோளில் வெறுமனே போர்த்தியபடி வந்தாள்,
மைனஸ் ஆறு டிகிரியில்.