உடம்பில் உலோகம் உண்டா

படிவத்தில நாலாவது கேள்வி அது.
ஓம் எண்டு எழுதினன்.
எத்தனை எண்ட இடத்தில பேனை நிண்டிட்டுது.
வலத்தோளில ஒண்டு, தெரியும்,
மழைக்கு முதல்நாள் அது கதைக்கும்.
மற்றதுகள்
தங்கட பாட்டில கிடக்குதுகள்.

எம்.ஆர்.ஐ. எடுக்கேலாது, சொன்னா டொக்டர் செந்தூரி,
உள்ளுக்குக் கிடக்கிறது அசையும்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பதினொரு வருசம்
முழங்காலில நிண்டு
கருவியைக் காதில மாட்டி
மண்ணிட்ட நான் கேட்ட கேள்வியெல்லோ இது.
ஆணி, சோடாமூடி,
ஈச்சம் வேருக்குள்ள ஆற்றையோ கொலுசு,
எல்லாத்துக்கும் ஒரே கூவல்தான்.

வேற ஸ்கான் இருக்கு எண்டினம்.
ஆராய்ச்சிக்கு ஒப்பம் வைச்சன்.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில குளிர் அறை,
நிரூபன் தம்பி கையில மருந்து ஏத்த
தொண்டையில துவங்கின சூடு
அடிவயிறுவரை இறங்கிச்சுது.
உடுப்பு நனைஞ்சிட்டுதோ எண்டு பதறிப்போனன்.
"எல்லாருக்கும் அப்பிடித்தான் அக்கா.
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ."
பிடிச்சன்.
அதில மட்டும் என்னை வெல்லேலாது.

திரையில சாம்பலாய் ஒரு குழாய்.
"பெரிய அடைப்பு ஒண்டும் இல்லை.
குழாயைப் பாக்காதேங்கோ, சுகிர்தமலர்,
சுத்திவர இருக்கிற கொழுப்பைப் பாருங்கோ.
சுவருக்குள்ள அழற்சி எண்டால்
அயல்தான் முதல் நிறம் மாறும்."

ஒரு விரல்கணு நீளத்துக்கு
சாம்பல் வேறயாக் கிடந்தது.

அதை எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.
வெடியை நான் நேரில கண்டது குறைவு.
கண்டதெல்லாம் அயல்மண்.
ஒரு சாண் அகலத்துக்குப் புல்லுப் பிந்தி முளைச்சிருக்கும்,
மழை விட்டு ரெண்டு நாளாகியும்
அந்த இடத்தில மட்டும் ஈரம் போகாமல் நிக்கும்.
கருவி கூவ முதலே
கை நிண்டிடும்.

"எவ்வளவு காலமாய்?"
"அதைப் படம் சொல்லாது."

பாதம் மட்டும் தெரியிற மாதிரி
ஒரு கணம் என்னை மேலயிருந்து பாத்தன்:
நெஞ்சுக்குள்ள துப்பரவாக்காத காணி,
ஆர் புதைச்சது, எந்த வருசத்துப் புதையல்,
வரைபடம் இல்லை.

ரெண்டு நிறத்தில குளிசை,
மூண்டு மாசத்தில திரும்ப ஒருக்கா.
டொக்டர் திரையில அந்த இடத்தைச் சுத்தி
சின்னனாய் ஒரு சிவப்பு வட்டம் கீறினா.

"கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ," எண்டன்,
தொழில் பழக்கம்,
"ஒரு முழம் எண்டாலும்."