நவம்பர் முப்பது வரை

வெள்ளி மதியம் பன்னிரண்டுக்குள் பதில் வேண்டுமாம்.
நான்கு இடத்திலும் அதே பன்னிரண்டு,
கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல.

இப்போது வியாழன் இரவு.
இல்லை, மணி ஐந்தரைதான்.
ஜூன் மாதத்துப் புன்டா அரீனாஸில்
வெளிச்சம் சீக்கிரம் கடையைச் சாத்திவிடுகிறது.

எரிவாயு ரசீதின் பின்பக்கம் கட்டம் போட்டேன்:
சம்பளம், நாட்கள், போக்குவரத்து, முதுகுவலி.
முதுகுவலிக்கு என்ன எண் போடுவது?

சூப்பர்மார்க்கெட்டில் சரக்கு எண்ணுவது, பன்னிரண்டு இரவுகள்.
அடித்துவிட்டேன்.
அப்புறம் அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.
பன்னிரண்டு இரவு என்பது பாதி வாடகை.

நண்டுத் தொழிற்சாலை நீரிணைக்கு அந்தப் பக்கம்,
போர்வெனிரில்.
போர்வெனிர் என்றால் எங்கள் மொழியில் வருங்காலம்.
வருங்காலத்துக்குப் படகில் இரண்டேகால் மணி நேரம்,
காற்று கெடுத்தால் அதுவும் கிடையாது.
ஐந்து மாத வேலை. படுக்க இடம் உண்டு. ரப்பர் பூட்ஸ் அவர்களுடையது.
போன வருடம் போய்வந்த யெஸ்லி உள்ளங்கையைக் காட்டினாள்:
'ராஜநண்டு செத்த பிறகுதான்டி நன்றாகக் குத்தும்.'

பள்ளி ஆய்வகத்தில் டனிட்சாவுக்கு எட்டாம் மாதம்.
அவள் பெற்று, பால் கொடுத்து, திரும்பி வரும்வரை
நான் குடுவை கழுவ வேண்டும்.
நேர்காணலில் அவளுடைய கோப்பையில்தான் காப்பி தந்தார்கள்.
விளிம்பில் சின்ன உடைவு.
அவள் எந்தப் பக்கம் வாய் வைப்பாள் என்பதுவரை தெரிந்துபோயிற்று.

நான்காவது, படகுத்துறை டிக்கெட் ஜன்னல்.
பால்டோவினோ கார்கமோவுக்கு இடுப்பு மாற்றுகிறார்கள்.

முப்பத்தெட்டு வயதில் யோசிக்கிறேன்,
இதுவரை நான் உட்கார்ந்த எந்த நாற்காலியும்
என் உயரத்துக்கு இறக்கப்பட்டதில்லை.
ஒருத்தியின் கர்ப்பம், ஒருவரின் எலும்பு,
ஒருமுறை ஒரு கணக்கர் சிறைக்குப் போனது
(நல்ல வேலை அது, பதினான்கு மாதம்),
அடுத்தவர்களுக்கு நேர்ந்ததெல்லாம்
எனக்குப் படியளந்திருக்கிறது.

ஏழு மணிக்கு ஃபோன். தெரியாத எண்.
கார்கமோ.
யார் எண் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
ஜன்னல் இறுகும், கீழ் மூலையில் ஒரு தட்டு தட்டு, என்றார்.
சில்லறை இடப்பக்கம்.
குதிரை லாரிக்காரன் சொல்லும் நீளத்தை நம்பாதே, நீயே இறங்கி அள.
அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
'ரொம்ப நன்றாகச் செய்துவிடாதே, மகளே.
எனக்கு அறுபத்திரண்டு.'

நான் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

மூன்றாம் தண்ணீரில் மாத்தே வெளுத்துவிட்டது.
ரசீதைத் திருப்பினால்
கட்ட வேண்டிய தொகை அந்தப் பக்கம் அசையாமல் இருந்தது.
சுமாராகச் செய்வது எப்படி என்று
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.
வந்த மூன்றாம் நாளே சில்லறைப் பெட்டியை ஒழுங்குபடுத்தி,
நான்காம் நாள் வரிசையைப் பாதியாக்கி,
ஐந்தாம் நாள் மேலாளர் எட்டிப் பார்ப்பார்.
என்னை எனக்குத் தெரியும்.

நண்டு மேசையில் நாற்காலி இல்லை.
எல்லோரும் நின்றுகொண்டு.

திங்கள் காலை, விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
துறையில் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பையன்
கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
கீழ் மூலையில் தட்டு, என்றேன்.
திறந்தது. யார் நீ என்பதுபோலப் பார்த்தான்.

'போர்வெனிருக்கு ஒன்று.'
'போக மட்டுமா, வரவுமா?'
'நவம்பர் முப்பதுக்கு இப்போதே தருவாயா?'

ஒரு பேரேட்டை எடுத்தான். தவறான பேரேடு.
இன்னொன்றைத் தேடிக் குனிந்தான்.
என் பின்னால் வரிசை முனகியது,
ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அவசரமில்லை, தம்பி.
மெதுவாகவே தேடு.