நூற்றுப்பத்து கிராம்

குமுளியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்,
ஏலக்காய்ப் பொட்டலம் போடும் தராசில்தான்
புத்தகத்தை நிறுத்தோம்.
நூற்று நாற்பத்தாறு.
"எட்டு மில்லியா, ஏழா?" என்றார் பைலி,
காயின் தரம் கேட்கிற குரலில்.

ஒன்பது நாள் மலையில் நடக்கிறவன்
டூத்பிரஷ்ஷின் காம்பை ஒடித்துவிட்டு
வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன்.
அவன் தோளிடம் நான் கேட்டு வாங்கியது
நூற்றுப்பத்து.

ஒரு கிராம் குறைய
ஒரு கிராமம் போக வேண்டியிருந்தது.
முதலில் முன்னுரை போனது, வலிக்கவில்லை.
மலையின் வரலாறு போனது.
பறவைகள் நான்கு பக்கம்,
இருவாச்சி மட்டும் ஒரு ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.
கல்லுவேலிப்பாறை போனது:
பதினாறு வீடு, கடை கிடையாது, பாதையிலிருந்து
அரை மைல் கீழே.

ஷெரின் எழுத்தை ஆறரைப் பாயிண்டுக்கு இறக்கினாள்.
மழை, தலைவிளக்கு, கண்ணாடி பைக்குள்,
இதில் எப்படிப் படிப்பான் என்றேன்.
ஏழுக்கு ஏற்றினாள்.
இரண்டு எஸ்டேட் காணாமல் போயின.

'அட்டைக்கு உப்பு மறக்காதே' என்ற வரியை
அச்சகத்து மாடக்கண்ணு அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்:
லேமினேஷன் போதுமே சார், உப்பு எதுக்கு?

தண்ணீர் என்று போடுவதா
வெள்ளம் என்று போடுவதா?
இந்தப் பக்கத்துக்காரன் வெள்ளம் என்றால் ஓடுவான்,
அந்தப் பக்கத்துக்காரன் குடத்தோடு வருவான்.
ஷெரின் ஒரு துளி வரைந்தாள்.
நிறைந்த துளி, எப்போதும் உண்டு.
பாதித் துளி, தை வரை.
வெறும் துளி, நம்பி நடக்காதே.

மாநில எல்லையைப் பாதை
பதினோரு இடத்தில் தாண்டுகிறது.
கோட்டை எடுத்துவிடலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம்.
ரேஞ்சர் ஆபீசில் கேட்பார்கள்.
வெளிர் சாம்பலில் விட்டோம்.
மாதிரி அச்சில் அது விழவேயில்லை,
ஆறு பேர் பார்த்தும் ஒருவரும் சொல்லவில்லை.

தேவாரத்தில் மேடேறி அந்த மாதிரியோடு நடந்தவர் தவசிமுத்து.
இன்ஷூரன்ஸ் வேலை, முழங்காலில் ஸ்டீல் பிளேட்.
ஒன்பதாம் நாள் கடைக்குள் வந்து
மேஜையில் வைத்தார்: அட்டை, உள்ளே இரண்டே தாள்.
மிச்சம்?
நடந்து முடிச்ச பக்கம் எதுக்கு சுமக்கணும்?
ஒன்றில் அடுப்பு மூட்டியிருக்கிறார்.
ஒன்றை ஷூவுக்குள் திணித்திருக்கிறார்.
எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.
ஷெரின் ஏற்கெனவே
கிழிப்பதற்கான துளை வரிசையை
ஸ்கேல் வைத்து அளந்துகொண்டிருந்தாள்.

மிஞ்சிய தாள்களில் ஒன்று ஐந்தாம் நாள்.
பின்பக்கம் பென்சில்,
காய் பறிக்கிற விரலின் கறையோடு:
நீங்க போட்ட முழுத் துளி தப்பு.
எஸ்டேட் மோட்டார் மாசியிலேயே உறிஞ்சிரும்.
சாஞ்ச பலாவுக்குக் கீழ ஒரு ஊத்து,
நாங்க அங்கதான் எடுக்கோம்.
கஸ்தூரி, கல்லுவேலிப்பாறை.
அவள் தன் ஊரைப் படத்தில் தேடினாளா என்று கேட்டேன்.
தேடினாங்க, என்றார் தவசிமுத்து,
தேடிட்டுத்தான் பென்சில் கேட்டாங்க.

ஊரைத் திரும்ப வைத்தோம்,
வீடுகள் பதினாறு, நிறைந்த துளி ஒன்று.
முழுத் துளியாக நான் வரைந்தது
வெறும் துளி ஆயிற்று.
மறுபடி தராசு. நூற்றுப் பதின்மூன்று.
மூணு கிராம்னா பன்னிரண்டு காய், என்றார் பைலி,
வாயில் ஒன்றைப் போட்டபடி.

இப்போது நாளுக்கு ஒரு தாள்.
நடக்க நடக்க மெலிந்து
கடைசி மாலை அவன் கையில் மிஞ்சுவது
குமுளி பஸ் நேரங்கள் மட்டும்.
அதுவும் ஒன்றாம் தேதியிலிருந்து மாறுகிறதாம்,
நேற்று கண்டக்டர் சொன்னார்.