தண்ணீர் விழுந்த சத்தம்

ஹாலிஃபாக்ஸ் கண்காட்சி மண்டபம், பச்சைக் கம்பளம்.
நான்கு கால்களும் தம் வேலையை அறிந்து நின்றன.
நடுவர் ஒண்டாரியோக்காரி, குளிர்ந்த விரல்கள்.
பற்களைப் பிரித்துப் பார்த்தாள், தோளை அளந்தாள்,
விதை இரண்டும் இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டாள்
(அந்த நேரம் மட்டும் சூமாக் கூரையைப் பார்த்தான்).
நரிச்சிவப்பு ரோமம். மார்பில் பனிக்கோடு.
வால் நுனி, வெள்ளைச் சாயத்தில் தோய்த்த தூரிகை.
"ஓடிக் காட்டுங்கள்."
ஓடினோம்.
என் ஒரு முழங்காலுக்கு வயது அறுபத்தொன்று,
இன்னொன்றுக்கு இரண்டு, அது உலோகம்.

ஊதா நாடா எங்களுக்கு.
லியோ மியூஸ் கை குலுக்கினான்,
பல்வலிக்காரன் சிரிப்பதைப் போல.

வண்டியில் உட்கார்ந்துதான் கைப்பேசியைத் திறந்தேன்.
சம்பிரதாயத்துக்கு அனுப்பிய எச்சில் பஞ்சு
பதிலோடு வந்திருந்தது.
விழித்திரை மெல்லத் தேயும் நோய்:
தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று.
இருட்டில் தொடங்கும். பிறகு பகலுக்கு வரும்.

அவன் பத்திரத்தில் முத்திரை இருக்கிறது,
'பெற்றோர் வழியில் குறையற்றவன்.'
பெற்றோருக்கும் அதே முத்திரை, அவர்கள் பெற்றோருக்கும்.
எங்கோ ஒரு கொட்டகைக் கதவு
ஓர் இரவு தாழிடாமல் கிடந்திருக்கிறது.
அல்லது ஒரு பேனா பொய் சொல்லியிருக்கிறது.
தூய வம்சம் என்கிறோம்.
தூய்மை, காகிதத்துக்கு.

டல்ஸ் ஒற்றைப் பிரதி சுமப்பவள், எனக்குத் தெரியும்.
தகப்பன் சுத்தம் என்ற தைரியத்தில் சேர்த்தேன்.
எட்டுக் குட்டிகள்.
சமையல் தராசில் காலையும் மாலையும் எடை,
கழுத்துக்கொரு கம்பளி நூல்.
'கண்ணும் கருத்துமாக வளர்த்தவை'
என்று விளம்பரத்தில் நானே எழுதியிருந்தேன்.

இரவு லியோவிடமிருந்து அழைப்பு.
"நாடாவை எங்கே மாட்டப்போகிறாய், ஒடெட்?"
சொன்னேன்.
அவன் பக்கத்தில் குளிர்பெட்டி உறுமுவது கேட்டது.
சூமாக்கின் கூடப்பிறந்தவள் அவன் வீட்டில்தான்,
வயிறு நிறையக் குட்டிகளோடு.
"ஐந்து வயதுவரை யாருக்கும் தெரியாது" என்றான்.
நான் பேசவில்லை.
வெகுநேரம் கழித்து,
"பஞ்சை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?"

எட்டு எண்களை எழுதி வைத்தேன்.
முதல் எண்ணை மூன்று முறை பாதியில் விட்டேன்.
லூனன்பர்க் ஸ்விக்கர் அம்மாள்
முழுவதும் கேட்டுவிட்டு, வணக்கம் சொல்லாமல் வைத்தாள்.
இருவர் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள், நியாயம்.
ஒருத்தி அழுதாள், நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்,
அது எனக்குச் சேர வேண்டிய வேலையா, தெரியவில்லை.
டிக்பியில் வெண்டல் திபொடோ,
சிப்பிப் படகுக்காரர், பின்னால் எஞ்சின் இரைச்சல்:
"பச்சை நூல்காரனா?
சோதனையில் என்ன வந்தாலும் வரட்டும்.
வீட்டில் நாற்காலிகளை இனி இடம் மாற்ற மாட்டோம்,
அவ்வளவுதானே?"

வரும் வியாழன் சூமாக்குக்கு அறுவை.
இனி அவனால் குட்டிகள் இல்லை.
லியோவின் தராசில் யார் எத்தனை கிராம் என்பது
இனி என் கவலையும்.

மாலையில் டஸ்கெட் ஆற்றங்கரைக்குப் போனோம்.
கரையில் துள்ளித் துள்ளி விளையாடி
வாத்துகளை வேடிக்கை பார்க்க வரவழைக்கும் இனம் அவனுடையது.
பார்ப்பதல்ல,
பார்க்கப்படுவது குலத்தொழில்.
இன்றும் செய்தான். நான்கு வாத்துகள் நீந்தி வந்தன,
என்னைக் கண்டு முகம் சுளித்துத் திரும்பின.

கட்டையை எறிந்தேன்.
வெளிச்சம் ஏறக்குறைய முடிந்திருந்தது.
பாய்ந்தவன் மார்பளவு நீரில் நின்றான்.
இடம், வலம். மறுபடி இடம்.
போன இலையுதிர் காலத்திலும் இப்படி நின்றான்,
பிடிவாதம் என்று திட்டினேன்.

ஒரு கல்லைப் பொறுக்கி
கட்டை மிதக்கும் பக்கமாய் வீசினேன்,
சத்தம் வரும்படி.
காதுகள் திரும்பின.