மூன்றாவது பந்து

மூன்று கூண்டு, மூன்று பந்து.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
பித்தப்பையை எடுத்த மறுநாள்
கையில் கொடுத்தார்கள்.
ஊதணுமா என்றேன்.
இழுக்கணும் என்றான் மெல்கியோர்,
பிசியோதெரபி தம்பி,
சட்டைப் பையில் நாலு பேனா.

இழுத்தேன்.
முதல் பந்து சாளைக்குஞ்சு போலத் துள்ளியது.
இரண்டாவது
யோசித்து யோசித்துப் பாதி ஏறி
நின்று நடுங்கியது.
மூன்றாவது
தொட்டதும் மூடிக்கொண்ட சங்கு.

வயசு என்னம்மா?
ஆதாரில் ஐம்பத்தெட்டு.
உடம்புக்கு?
அதை அந்தப் பந்திடம் கேள்.

காகிதத்தில் படம் போட்டான்.
விலா எலும்புகளுக்குக் கீழே
கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தசை,
உதரவிதானமாம்.
எனக்குப் பார்த்ததும் திருக்கை.
சிறகு விரித்து மணலோடு கிடந்து
லேசாக எழும்பி
லேசாக இறங்கும் அதே திருக்கை.
உள்ளேயே ஒன்றை வைத்துக்கொண்டா
இத்தனை வருசம்
கடலில் அதன் முள்ளுக்குப் பயந்தேன்?

வயசானா இது மெலியும் என்றான்.
குருத்தெலும்பு கெட்டிப்படும்,
நெஞ்சுக்கூடு விறைக்கும்,
விறைத்த கூட்டை விரிக்க
மெலிந்த தசை ரெண்டு மடங்கு பாடுபடும்.
சும்மா இருந்தா தெரியாது,
அவசரத்துக்குக் கேட்கும்போதுதான் தெரியும்.
கைமாத்துக் கொடுத்த காசு மாதிரி
என்றேன்.
சிரிக்கவில்லை.
நல்லா இருமணும், சளி தங்கக் கூடாது
என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனான்.

அவனிடம் சொல்லாதது ஒன்று.
மூன்று வருசமாகவே எனக்குத் தெரியும்.
குருசடைத் தீவுக்குக் கிழக்கே
இரண்டாள் ஆழத்தில் மரிக்கொழுந்துப் பாசி.
விரலில் துணி சுற்றி
காலில் தட்டுக் கட்டி முங்கினால்
நாற்பது எண்ணுவேன்.
நாற்பதுக்குள் ஒன்பது பிடி.
ஒரு மாசியில் அது முப்பத்தாறானது.
மெதுவாக எண்ணுகிறேனோ என்று
அடுத்த வருசம் வேகமாக எண்ணினேன்.
முப்பத்தொன்றுதான் வந்தது.

கூட முங்கும் ராக்கு
என்னைவிட ரெண்டு வயசு இளையவள்.
மேலே வந்ததும் இருவரும்
சீட்டியடிப்பது போல் மூச்சு விடுவோம்,
முகத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டோம்.
யார் சீட்டி முதலில் அடங்குகிறது என்று
காது மட்டும் கொடுப்போம்.
கொண்டல் காற்றில்
படகுக்கார முனியராசை
ஏலே என்று கூப்பிட்டால்
ஏ என்பதோடு
காற்று தின்றுவிடுகிறது.
அவன் காதில்தான் குறை என்று
சின்னப்பாலம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ராத்திரி
வார்டு விளக்கை அணைத்த பிறகு
போர்வைக்குள் வைத்து இழுத்தேன்.
பதினொரு தடவை.
ஒன்று, ஒன்றரை, ஒன்றரை.
பக்கத்துக் கட்டில் தொண்டி ஜெய்லானி பீவி,
அவளுக்குக் குடலிறக்கம்,
தூங்காமல் பார்த்திருக்கிறாள்.
ஏம்மா இந்தப் பாடு?
சாய்ச்சுப் பிடிச்சா எல்லாம் ஏறிடும்,
நான் நாலு நாளா அப்படித்தான்.

சாய்த்தேன்.
மூன்றாவது பந்து
மாப்பிள்ளை மாதிரி மேலே போய் உட்கார்ந்தது.

சிரிப்பு வந்தது.
தையல் பிடித்து இழுத்தது.
சிரிக்கக் கூடாது என்று நினைக்க நினைக்க
அடிவயிற்றிலிருந்து கிளம்பி
சிரிப்பு இருமலாகி
இருமல் இருமலைக் கூப்பிட்டு
தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு
வார்டே எழுந்து உட்காரும்படி
இருமினேன்.
நெஞ்சில் ரெண்டு நாளாகக் கிடந்த சளி
கிண்ணத்தில் விழுந்தது.
திருக்கை மணலை உதறினால்
தண்ணீர் கலங்கித் தெளியுமே,
அப்படி இருந்தது உள்ளே.

காலையில் மெல்கியோர்
பேனாவைத் திறந்தான்.
ஜெய்லானி பீவி கண்ணைக் காட்டினாள்.
எத்தனை பந்தும்மா?
ஒன்றரை, என்றேன்.
ஒன்றரைன்னே எழுது.

பங்குனியில்
ஓராள் ஆழத்துக்குத்தான் இறங்குவேன்.
அங்கே கஞ்சிப்பாசி,
விலை பாதி.
இருபத்தைந்து வரை எண்ணலாம்.
ராக்குவிடம் என்ன சொல்வது என்று
இன்னும் யோசிக்கவில்லை.
அவளுக்கும் அங்கே இடம் இருக்கிறது.